எண்ணெயா, கடலையா?

இருமல் மருந்து பாட்டிலின் மேல் கவிழ்ந்திருக்குமே, கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி, அப்படி ஒன்று என் அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து மில்லி கோட்டைத் தவிர மற்றவை அழிந்துவிட்டன. காலையில் அதில்தான் எண்ணெய் அளக்கிறேன். எனக்கும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். அதைக் கையில் எடுத்தாலே மனசு ஓரிடத்தில் நிற்பதில்லை. அது கணக்கு டீச்சருடையது.

வலங்கைமானில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் அறிவியல். சீர்காழிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அம்மா போன பிறகு அவருக்கென்று இருந்தது ஒரே தம்பி. அந்தத் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, தஞ்சாவூரில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். டீச்சரின் சிறுநீரகம் பொருந்தியது. ஆனால் பத்து கிலோ குறைந்தால்தான் எடுப்போம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கொடுத்த உணவுத் தாளில் அரைக் கப் சோறு, ஒரு ஸ்பூன் எண்ணெய் அல்லது பத்து வேர்க்கடலை, காய்கறி மட்டும் வேண்டிய அளவு.

"இன்னிக்கு எண்ணெயா, கடலையாங்க?" என்று டிபன் பாக்ஸோடு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழையும்போதே விடுகதை மாதிரி என்னைக் கேட்பார். கடலை என்றால் மதியக் காய் வெறும் தண்ணீரில் வெந்திருக்கும். எண்ணெய் என்றால் சாயங்காலம் பசியோடு பஸ் ஏறுவார். இரண்டு வாரம் அப்படி ஓடியது. தம்பியின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு வந்த ஒரு திங்கட்கிழமை, எண்ணெய் அளக்கும் மூடியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு, "ரெண்டும் வேணாங்க. காய் மட்டும் போதும்" என்றார். வெந்த புடலங்காய் தொண்டையில் இறங்காமல் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எண்ணெய் இல்லாமல் நானே ருசியாகச் செய்து வருகிறேன் என்று முந்திக்கொண்டேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

எண்ணெய் ஒரு சொட்டு விடவில்லை, சத்தியம். வெந்த காயில் தேங்காயைத் துருவி அள்ளிப் போட்டேன். கொல்லையில் நாலு மரம். எங்கள் பக்கத்தில் தேங்காயை யார் ஒரு சாப்பாடாக நினைக்கிறார்கள்? உப்பைப் போல அதுபாட்டுக்கு எல்லாவற்றிலும் விழும். ஊட்டச்சத்துப் பாடம் நடத்துகிற நானே நினைக்கவில்லை. "எண்ணெயே இல்லாம எப்படிங்க இவ்வளவு ருசி?" என்று அவர் வழித்துச் சாப்பிட, நான் பூரித்துப்போனேன். ஆசையில் மறுநாள் இன்னொரு கைப்பிடி கூடியது.

சனிக்கிழமைதோறும் மருந்துக்கடை எடை மெஷினில் ஏறினார். ஒன்றரை மாதத்தில் முள் அசையவே இல்லை. ராத்திரிச் சோற்றை நிறுத்தினார், வெயிலில் மைதானத்தைச் சுற்றினார். ஒருநாள் மெஷினிலிருந்து இறங்கி, கடை வாசலிலேயே அழுதார். அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் கொழுப்பு உணவுகளை எழுதிப் போட்டேன். நிலக்கடலை, எள், தேங்காய். சாக்பீஸ் அங்கேயே நின்றுவிட்டது.

சொன்னேனா? இல்லை. மறுநாளிலிருந்து தேங்காயை மட்டும் நிறுத்தினேன். தேங்காய் எங்கே என்று அவர் கேட்டபோது, விலை ஏறிப்போச்சு டீச்சர் என்று கூசாமல் பொய் சொன்னேன். அதன்பின் எடை மளமளவென்று இறங்கியது. பத்து கிலோ குறைந்து அவர் தயாரானபோது தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் பிடித்திருந்தது. ஐப்பசி மழையில் கல்லறைத் தோட்டத்துச் சேற்றில் நின்றோம். சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொரியல் இல்லன்னா நான் இவ்வளவு குறைச்சிருக்கவே மாட்டேங்க" என்றார். அந்த வாரமே டிராயரைக் காலி செய்து, மூடியையும் என்னிடம் கொடுத்துவிட்டு மாற்றல் வாங்கிப் போனார். ஒன்றரை மாதம் முந்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? இந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் விடை வரவில்லை.

நேற்றுக் காலை எண்ணெய் அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர்தான். "எனக்கு இப்ப சுகருங்க. எடையைக் குறைக்கச் சொல்றாங்க. அந்த எண்ணெய் இல்லாத பொரியல் எப்படிங்க செஞ்சீங்க?"

"காயை ஆவியில வேக வைக்கணும் டீச்சர்."

"அப்புறம்?"

மூடியிலிருந்த எண்ணெய் விரலில் வழிந்தது.

"தினம் ரெண்டு கைப்பிடி தேங்காய் போட்டேன். முதல் ஒன்றரை மாசமும். அதுவும் எண்ணெய்தான்."

மறுமுனையில் "ஒன்றரை மாசம்..." என்று முணுமுணுத்தார். கணக்கு டீச்சர் கூட்டிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.