பந்து பிடிக்க பிளேனில் போன கதை

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே, சாஃப்ட்பால் அணிக்கு ஒருத்தி குறைகிறாள் என்று என்னை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதுவரை அந்த ஆட்டத்தின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பிட்சர் வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்சர் இடம் யாருக்கும் வேண்டாததாக இருந்தது. பத்து நிமிடத்தில் முட்டி கழன்றுவிடும் என்றார்கள். எனக்கு வலிக்கவேயில்லை. காசிமேட்டில் அம்மாவோடு குந்தி உட்கார்ந்து இறால் உரித்தே வளர்ந்தவள் நான்.

மூன்றாம் வருடம் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். பிட்சர் பஞ்சாபிலிருந்து வந்த நெட்டைப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஒரே அறையில் இரண்டு நாள் சிரித்தே சமாளித்தோம். மூன்றாம் நாள் ஆறிப்போன சப்பாத்தியைப் பார்த்து, “பேஜாரு” என்று முனகினேன். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். புரிந்துவிட்டது. அப்புறம் எங்கள் பக்கத்து வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். தோஸ்து, உஷாரு, பேமானி எல்லாமே அவளிடமும் இருந்தன. கஸ்மாலம் மட்டும் இல்லை. அதையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். நான் வாயைத் திறந்தாலே கல்லூரியில் சிரித்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சை வைத்துத்தான் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள்.

வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வானதைச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. “பந்து புடிக்கவா பிளேன்ல இட்டுகினு போறாங்க?” என்று இரண்டு முறை கேட்டாள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தோம். இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் போதும். முதல் பேஸில் நின்ற எதிரணிக்காரி, பந்து பிட்சரின் கையைவிட்டு வந்ததும் இரண்டாம் பேஸுக்கு ஓட்டம் பிடித்தாள். நான் பந்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவள் போய்ச் சேருமுன் பந்தை அங்கே எறிய வேண்டும். நடுவில் நெட்டையாக நிற்கிறாள் என் பிட்சர்.

“உஷாரு தோஸ்து!”

அவள் அப்படியே மண்ணில் படுத்துவிட்டாள். பந்து அவளுக்கு மேலே பறந்து போய் இரண்டாம் பேஸில் நின்ற எங்கள் அணிக்காரியின் கிளவுக்குள் விழுந்தது. ஓடிவந்தவளுக்கு இன்னும் இரண்டடி பாக்கி இருக்கும்போதே பந்தால் தொட்டுவிட்டாள். அவுட். மண் அப்பிய முகத்தோடு பிட்சர் வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். இருவரும் அழுதோம், சிரித்தோம், எது எப்போது என்று தெரியாமல்.

ஊர் திரும்பியதும் கல்மண்டபத்திலிருந்து வீடு வரை என்னை மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் உட்கார வைத்து மேளத்தோடு கூட்டிப்போனார்கள். பக்கத்தில் அம்மா, பதக்கத்தைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு. நாங்கள் மூன்றாவதாகத்தான் வந்தோம் என்று அவள் காதில் சொன்னேன்.

“மூணாவதுக்கே இம்மாங் கூட்டம் கீது. மொதலாவது வந்திருந்தா ரோடு தாங்காது, கம்னு குந்து” என்றாள்.