மானிட்டர் கண் சிமிட்டிய ஐந்து நாள்

புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டில் முன்னறை ஒன்றுதான் பெரிசு. ஒரு மூலையில் என் தையல் மிஷின், எதிர் மூலையில் தம்பியின் கம்ப்யூட்டர். நான் ஊராருக்கு பிளவுஸ் தைத்துக்கொண்டிருப்பேன். அவன் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான். ரெண்டு நிமிஷம் மிஷினை நிறுத்து, மைக்கில் உன் சத்தம்தான் போகிறது என்று கெஞ்சுவான். நான் வேண்டுமென்றே இன்னும் அழுத்தி மிதிப்பேன். கொழுப்புதான், வேறென்ன.

அவன் கேம் விளையாடவென்றே வாங்கிய மானிட்டர் அது. நொடிக்கு நூற்று அறுபத்தைந்து தடவை படம் மாறுமாம், சாதாரண மானிட்டரில் அறுபதுதானாம். எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்லித் தொலைத்தேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, மகராசன்.

அவன் கனடாவுக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. மேசையை இருந்தது இருந்தபடியே வைத்திருந்தேன். போன தை முடிந்ததும் போன் பண்ணினான். அம்மாபேட்டையில் இருக்கும் தன் பழைய விளையாட்டுக் கூட்டாளி ஞாயிற்றுக்கிழமை வருவான், மானிட்டரை அவனுக்குக் கொடுத்துவிடு, சும்மா கிடந்து வீணாகிறது என்றான். அதற்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடவும் சொன்னான். ஏன் வீணாகிறது, நீ வந்து உட்கார வேண்டியதுதானே என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. திரும்பி வருகிறவன் மானிட்டரைத் தூக்கிக் கொடுக்கச் சொல்வானா?

போட்டேன். நன்றாகத்தான் வந்தது. ஒரு நிமிஷம் கழித்துத் திரை கறுத்து, மறுபடி வந்தது. குறுக்கே பொடிப்பொடியாக வெள்ளைக் கோடு ஓடியது. திரும்பக் கறுத்தது. சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கெட்டுப்போனதை யாருக்குக் கொடுப்பது?

ஆனால் அவன் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை நாலு வார்த்தை பேசுகிறவன், அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் வீடியோவில் வந்தான். அங்கே அது காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். அவன் சொல்லச் சொல்ல நான் அமுக்குவேன். அறுபதுக்கு இறக்கினால் கல்லு மாதிரி நின்றது. நூற்று அறுபத்தைந்துக்கு ஏற்றினால் கண்ணைச் சிமிட்டியது. டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினோம். மானிட்டருக்குள் இருக்கும் மெனுவில் எதையெதையோ அணைத்தோம். ஸ்டெபிலைசரை மாற்றினோம். நடுநடுவே பனி எவ்வளவு கொட்டியது, ரசம் ஏன் கசந்தது என்றெல்லாம் பேச்சு ஓடும். நாலாம் நாள் அவனுக்கு என் மிஷின் மோட்டார்மேல் சந்தேகம் வந்து, ஓட்டச் சொன்னான். ஓட்டினேன். சிமிட்டலில் ஒரு மாற்றமும் இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பிளவுஸ் கை முழுசாகத் தைத்து முடித்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் ஒயரைக் கழற்றி, முனையைக் காட்டச் சொன்னான். இரும்பு வாய்க்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. என்ன அது என்றான். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எங்கள் அப்பா தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டியில் இருந்தவர். ஆயுத பூஜைக்கு அவர் பொட்டு வைக்கும் முறையே தனி. முகப்பில் வைப்பது ஊர் பார்க்க, வேலை செய்கிற இடத்தில்தான் பொட்டு வைக்கோணும் என்பார். கத்திக்கு அலகில், ஸ்பேனருக்கு வாயில், ரிக்குக்கு மண்ணைத் தொடும் முனையில். அவர் போன பிறகும் நான் மிஷினுக்கு ஊசிக்குப் பக்கத்தில்தான் வைக்கிறேன். தம்பி போனதிலிருந்து அவன் மானிட்டருக்கும் நான்தான். முதல் ரெண்டு வருஷம் முகப்பில்தான் வைத்தேன். போன வருஷம் பூஜைக்கு முன்னாலேயே, தீபாவளிக்கும் வர முடியாது என்று சொல்லிவிட்டான். மனசு கேட்கவில்லை. ஒழுங்காக, வேலை செய்கிற இடம் பார்த்து வைப்போம், அப்படியாவது வருகிறானா பார்ப்போம் என்று ஒயரைக் கழற்றி, அதன் வாயில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே.

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் இல்லாதப்பவும் வெக்கறியாக்கா?"

"உன்ற சாமானுக்கு நான் வெக்காம வேற யாரு வெப்பா?"

பழைய பல்துலக்கும் பிரஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, காயவைத்து மாட்டினேன். நூற்று அறுபத்தைந்தில் பத்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்றது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"நீ திரும்பி வரமாட்டியா சாமி?"

அவனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் போனை வைக்கவில்லை.

"இப்போதைக்கு இல்லக்கா" என்றான்.

மறுநாள் முழுக்க சந்தனக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரித்தது. ஒரு சொட்டு போதும், இன்னும் ஒரு வாரம் தினமும் வருவான். தெரியாமல் செய்தது வேறு, தெரிந்தே செய்ய மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டாளிப் பையன் பைக்கில் வந்தான். வாரேனுங்க என்று சொல்லி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். நான் வாசலுக்குக்கூடப் போகவில்லை. பழையபடி வாரம் ஒரு போன், நாலு வார்த்தை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷினுக்கு வைத்தேன், கத்தரிக்கு வைத்தேன். மிச்சம் இருந்தது என் போன். அது வேலை செய்கிற இடம் எது என்று இந்தத் தடவை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒயர் மாட்டும் வாயை விட்டுவிட்டு, கண்ணாடி மேலேயே சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன்.

சாயந்திரம் பூஜை போட்டாயா என்று கேட்க அவனே வீடியோவில் வந்தான். பொட்டு அவன் கன்னத்தில் விழுந்திருந்தது. கொஞ்சம் குனிந்து, இடது பக்கம் தள்ளி உட்காரச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். வெளிச்சம் பத்தவில்லை என்றேன்.

தள்ளி உட்கார்ந்தான். சரியாக நெற்றிக்கு வந்தது.