சாதா முக்கோணம்

ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை டைல்ஸைத் துடைப்பது வீட்டுக்காரரின் வேலை. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இந்த வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு முக்கோணங்களும் இருக்கும். அவருடைய மனைவி ஒரு கையால் தாளித்துக்கொண்டே மறு கையால் அதில்தான் கணக்குப் போடுவார். எழுதுவது, கணவர் வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸின் மேல் புள்ளி வைக்கப் பயன்படும் பேனாவால். ஈரத் துணி பட்டால் போய்விடும். ஆனால் கேட்காமல் துடைக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்காமல் துடைத்துவிட்டு, ஒரு வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

"டீச்சர், அழிக்கலாமா?"

மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். தெருவே அப்படிக் கூப்பிடும்போது தான் மட்டும் வேறு பெயர் சொல்லி என்ன சாதித்துவிடப் போகிறோம் என்ற எண்ணம்.

"அழிங்க, அழிங்க. எல்லாம் பழசுதான்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

துணியை வைக்கப்போனவர் நின்றார். மூலையில் ஒரு முக்கோணம் இருந்தது. குண்டாக, ஒரு பக்கம் சரிந்து, மிதிபட்ட தகர டப்பா மாதிரி. டீச்சரின் கையில் இப்படி ஒரு உருவம் வராது என்பது இத்தனை வருஷம் துடைத்தவருக்குத் தெரியாதா? அதற்குள் ஒரு வட்டம். வட்டத்தின் மேல் மூன்று புள்ளிகள். நாலாவது புள்ளி மட்டும் வட்டத்துக்கு வெளியே, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி தனியே நின்றது.

"டீச்சர், இதை மட்டும் வந்து ஒரு தடவை பாத்துடு."

டீச்சர் வருவதற்குள் டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவர். வீட்டில் இருந்தது ஒரே மேஜை. அது மூத்தவர்களுக்குப் போக, இவருக்குக் கிடைத்தது குளியலறைச் சுவரும் தேய்ந்த சோப்பும். மற்றக் கணக்குக்கு எல்லாம் தாள் வேண்டும், மேஜை வேண்டும். வடிவக் கணக்குக்கு ஒரு சுவர் போதும். கதவைத் தட்டத் தட்ட உள்ளே ஒரு வட்டத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வருவார். குளித்தாரா என்பது தனிக் கேள்வி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை அவர் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். கண் பரிசோதிக்க வந்து உட்கார்ந்தவர், எதிரே தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்ததும், "இது இடப்பக்கம் சாஞ்சிருக்கு," என்றார். கடைக்காரர் அளந்து காட்டினார். அட்டை நேராகத்தான் இருந்தது. பிறகு அவர் முகத்திலிருந்த பழைய கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், அதன் காது வளைந்து கிடந்தது. இரவில் அதன் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். கடைக்காரர் அதை நிமிர்த்தி மாட்டிவிட்டார். டீச்சர் மறுபடி அட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு நொடிகூடத் தயங்காமல் சொன்னார்: "இப்போ சரி பண்ணிட்டீங்க பாருங்க." இந்தப் பெண்ணோடு வாழ்ந்தால் பொழுது போகும் என்று அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார்.

பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் என்பது வெளியே தெரிந்த வேலை. வெளியே தெரியாத வேலை ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் மாணவர் கணிதப் போட்டிக்கு வடிவக் கணக்குகளைக் கண்டுபிடித்து அனுப்புவது. ஆறு கணக்குகள் கொண்ட வினாத்தாள். முதல் கணக்கு எல்லாருக்கும் வரும். ஆறாவது யாருக்கும் வராது. வரக் கூடாது. அரங்கம் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துத் துப்ப வேண்டும். அப்படி ஒரு ஆறாவது கணக்கு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் டீச்சரின் ஆசை. ஆனால் அவர் அனுப்பியதெல்லாம் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவுமே வந்துகொண்டிருந்தன. "உங்க கணக்கு பசங்களுக்குத் தெம்பு குடுக்குதும்மா," என்று போட்டிக் குழுவின் தலைவர் ஒவ்வொரு முறையும் பாராட்டுவார். அந்தப் பாராட்டைக் கேட்ட அன்று வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக விழும்.

இந்த வருஷம் கிடைத்துவிட்டது. ஆறாவது கணக்கு டீச்சருடையது. தலைவரே போன் செய்து சொன்னார்.

கூடவே ஒரு விதியையும் ஞாபகப்படுத்தினார். யாருடைய கணக்கு வினாத்தாளில் இருக்கிறதோ, அவர் வீட்டுப் பிள்ளை போட்டியில் உட்கார முடியாது.

அந்த வீட்டுப் பிள்ளை இந்த வருஷம் உட்காருவதாக இருந்தாள். ஒரே மகள். வீட்டில் அவள் பெயர் வாலு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இதற்கு முன் இரண்டு முறை எழுதி, ஒவ்வொரு முறையும் பரிசுக்கு ஒரு படி கீழே நின்றவள். அந்த இரண்டு வருஷமும் டீச்சர் கணக்கு அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த முறை அனுப்பினார். எப்படியும் ஆறாவதாக வராது, மூன்றாவதாகப் போட்டால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம். ஆறாவது என்று தெரிந்ததும் அந்தச் சமாதானம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. "பரவாயில்லம்மா. நீதானே பெரியவ," என்றாள். இரண்டு தோசை அதிகமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"என்னங்க இவ இப்படி சமத்தா இருக்கா? பயமா இருக்கு," என்றார் டீச்சர் கணவரிடம்.

"பசி, வேறென்ன?"

மகள்தான் எழுதப்போவதில்லையே என்று ஆனபின், டீச்சரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் அந்த ஆறாவது கணக்கை டைல்ஸில் வரைந்து காட்டினார். எந்த முக்கோணத்தை எடுத்தாலும் சரி, இப்படி இப்படிக் கோடு போட்டால் இந்த நான்கு புள்ளிகளும் ஒரே வட்டத்தில் வந்து உட்காரும், நிரூபி. அதுதான் கணக்கு. எழுதி வைத்த நிரூபணத்தையும் நீட்டி, "எப்படி இருக்கு? இன்னும் பத்து நாள்ல அச்சுக்குப் போகுது," என்றார். "அழகா இருக்குமா," என்றாள் மகள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது, இந்த ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் அடுப்படிக்குள் வந்து அந்தக் குண்டு முக்கோணத்தைப் பார்த்தார்.

"யாரு வரைஞ்சது இந்த அசிங்கத்தை?"

"நான்தான்," என்று வாசல் நிலையில் சாய்ந்தபடி சொன்னாள் வாலு. கையில் பாதி கடித்த வெள்ளரிக்காய்.

"முக்கோணம்னா ஒரு லட்சணம் வேணாமாடி? உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு."

"உருளைக்கிழங்குக்கும் மூணு மூலை இருந்தா அதுவும் முக்கோணந்தாம்மா. எந்த முக்கோணத்தை எடுத்தாலும் சரின்னு நீதானே சொன்ன?"

"கோணலா வரைஞ்சா புள்ளி கோணலாத்தான் விழும். தள்ளு."

டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, காம்பஸை எடுத்து, அந்த உருளைக்கிழங்கையே முறையாக, சுத்தமாக, ஒரு மயிரிழை பிசகாமல் பக்கத்து டைல்ஸில் வரைந்தார். அடுப்படியில் காம்பஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது; அது கரண்டிகளோடுதான் தொங்கும். வட்டம் போட்டார். மூன்று புள்ளிகள் அதன் மேல் வந்தன. நாலாவது வெளியே நின்றது.

"பேனா மொத்தமா இருக்கு," என்றார்.

"ஆமா, பேனாதான் காரணம்," என்றார் வீட்டுக்காரர், துணியைப் பிழிந்துகொண்டே.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

டீச்சர் கரண்டிகளோடு தொங்கிய இன்னொன்றை எடுத்தார். அதுதான் சாதா.

சாதா என்பது ஒரு முக்கோணம். கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸ் பிளாஸ்டிக்கில் வெட்டிக் கொடுத்தது. கணக்கு உண்டாக்குகிறவர்களுக்கு உள்ள பெரிய தொல்லை, எந்தச் சிறப்பும் இல்லாத முக்கோணம் ஒன்றை வரைவதுதான். சும்மா கையை ஓட்டினால் இரண்டு பக்கம் சமமாகிவிடும், இல்லாவிட்டால் ஒரு மூலை செங்கோணமாகிவிடும். பார்க்கிற பிள்ளை அதையே பிடித்துத் தொங்கும். அதனால் இந்த வட்டாரத்தில் எல்லாரும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: நாற்பத்தைந்து, அறுபது, எழுபத்தைந்து டிகிரி. எதைப் போலவும் தோன்றாத, கூட்டத்தில் அடையாளமே தெரியாத, சாதாரண முக்கோணம். டீச்சர் இத்தனை காலம் கண்டுபிடித்த கணக்கு எல்லாமே சாதாவைச் சுற்றிக் கோடு போட்டுக் கண்டுபிடித்ததுதான்.

சாதாவை டைல்ஸில் வைத்து வரைந்தார். நான்கு புள்ளிகளும் சொல்லி வைத்தாற்போல வட்டத்தில் வந்து உட்கார்ந்தன.

"பாத்தியா?"

"பாத்தேம்மா. சாதால வருது. இன்னும் சிலதுலயும் வருது. உச்சியில அறுபது டிகிரி இருக்கிற எல்லாத்துலயும் வருது. அறுபது இல்லேன்னா வரலை. உன் சாதா சாதா இல்லம்மா. அதுக்குள்ள ஒரு அறுபது ஒளிஞ்சிட்டு இருக்கு."

அடுப்பில் பால் பொங்கியது. யாரும் திரும்பவில்லை. கடைசியில் வீட்டுக்காரர்தான் போய் அணைத்தார்.

"நான் நிரூபணம் எழுதியிருக்கேனேடி. ரெண்டு பக்கம்."

"அதுல ஏழாவது வரில 'இவ்விரண்டும் சமம் என்பதை எளிதில் காணலாம்'னு எழுதியிருக்க. எங்கேயிருந்து கண்டே?"

டீச்சர் சாதாவின் ஓரமாக விரலை ஓட்டினார். எங்கேயிருந்து கண்டார் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. படத்திலிருந்துதான் கண்டார். பிள்ளைகள் அப்படிச் செய்தால் பேப்பரின் குறுக்கே சிவப்புக் கோடு இழுக்கிற அதே டீச்சர்.

"என் கடையில எளிதில் காணலாம்னு சொல்லி வித்தா, மறுநாளே திருப்பிக் கொண்டு வந்துடறாங்க," என்றார் வீட்டுக்காரர்.

இந்த முறை சும்மா இருக்கச் சொல்லவும் டீச்சருக்குத் தோன்றவில்லை. ஈரக் கையோடு போனை எடுத்துத் தலைவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, சமையல் மேடை மேல் வைத்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். அரங்கத்தில் எந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடப் போகிறது என்று ஒரு நொடி அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் வெள்ளரிக்காய் தின்னும் சத்தம் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருந்ததே.

"சார், ஆறாவது கணக்கு தப்பு."

"என்னம்மா சொல்றீங்க? நாங்க மூணு பேரும் வரைஞ்சு பாத்தோமே. கச்சிதமா வந்துச்சே."

"எந்த முக்கோணத்துல சார் வரைஞ்சீங்க?"

"நம்ம வழக்கமான..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நின்றார். போனில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அடக் கடவுளே," என்றார் பிறகு.

"கேள்வியைத் திருப்பிப் போடலாம் சார். நாலு புள்ளியும் ஒரே வட்டத்துல இருந்தா, உச்சிக் கோணம் எவ்வளவு, நிரூபி. அது சரியா வரும். இன்னும் கஷ்டமாவும் இருக்கும்." சொல்லும்போதே டீச்சரின் குரல் நிமிர்ந்துவிட்டது. வெள்ளரிக்காய்ச் சத்தம் நின்றது.

"நல்ல கணக்கும்மா. இதைவிட நல்ல கணக்கு. ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா கண்ணை மூடிட்டு ஆறாவதா வெச்சிருப்பேன். நாளைக்குக் காலைல அச்சுக்குப் போகுது. மூணு பேரும் உக்காந்து சரிபாக்காம எதையும் வெக்க முடியாது. இப்போ நாங்க சரிபாத்த லட்சணமும் தெரிஞ்சு போச்சு. ஒதுக்கி வெச்ச பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுடறேன். மன்னிச்சுக்கோங்க."

"நீங்க எதுக்கு சார் மன்னிப்பு கேக்கறீங்க?"

"அப்புறம் ஒண்ணு. உங்க கணக்கு இல்லேன்னா உங்க பொண்ணுக்குத் தடை இல்லை. அவ பேரு இன்னும் என் மேஜை மேலதான் கிடக்கு. சேத்துடட்டுமா?"

டீச்சர் திரும்பி மகளைப் பார்த்தார். மகள் மேற்கூரையைப் பார்த்தாள்.

"சேத்துடுங்க சார்," என்றார் டீச்சர். போனை வைத்தார்.

வீட்டுக்காரர் டைல்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த உப்பில்லாத வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கேட்காமலே துடைத்தார். உருளைக்கிழங்கு போயிற்று, சாதாவும் போயிற்று. மேடையிலிருந்த ஈரத்தில் சறுக்கிவிடாமல் இருக்க, ஓரமாகக் கிடந்த மகளின் ஜாமெட்ரி பாக்ஸை நகர்த்தி வைக்கப் போனார். மூடி சரியாக மூடியிருக்கவில்லை, திறந்துகொண்டது. உள்ளே பென்சில்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஊசி மாதிரி சீவப்பட்டுக் கிடந்தன. புது ரப்பர். துடைத்துப் பளபளவென்று காம்பஸ். அதற்குப் பக்கத்தில் லென்ஸில் புள்ளி வைக்கும் பேனா ஒன்று.

"அட, இது இங்கேயா இருக்கு? போன வாரம் பூரா கடையைத் தலைகீழாக் கவுத்துத் தேடினேன்," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியது. துணியைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

டீச்சர் பேனாவைப் பார்த்தார். பென்சில்களைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மகளைப் பார்த்தார். பேப்பர் திருத்தும்போது ஏழாவது வரிக்கு வந்ததும் பார்க்கிற பார்வை அது.

"வாலு. அந்த நாலாவது புள்ளி வெளியே நிக்குதுன்னு உனக்கு எப்போ தெரியும்?"

மகள் வெள்ளரிக்காயின் கடைசித் துண்டை வாயில் போட்டாள். பாக்ஸை எடுத்து மூடினாள். அப்பாவின் பேனாவை மட்டும் மேடை மேல், ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். பிறகு மேடையில் கிடந்த அம்மாவின் காம்பஸையும் மெல்ல எடுத்து, கரண்டிகளோடு பழைய இடத்தில் மாட்டிவிட்டு, மென்றபடியே அடுப்படியைவிட்டு வெளியே போனாள்.