சிலுவையின் கலர் படம்

தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பிளக்ஸ் கடையில் பேச்சிச்செல்விக்குப் பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. சடங்கு வீடு, கோயில் கொடை, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அவள் கைதான். ஆனாலும் கண்ணீர் அஞ்சலிதான் அதிகம். செத்தவர் படத்தில் கலர் இருக்கக் கூடாது என்பது வழக்கம். கலரை எடுத்து எடுத்தே அவளுக்குக் கழுத்து வலியும் கண் எரிச்சலும் வந்ததுதான் மிச்சம். கணினியில் மூன்று பொத்தானை ஒருசேர அமுக்கினால் எந்தச் சட்டையும் சாம்பல் நிறமாகிவிடும். அவள் விரல்கள் யோசிக்காமலே செய்யும். அங்கேதான் வந்தது வினை.

சனிக்கிழமை மத்தியானம் எஸ்றா வந்தார். மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணியோடு அவர் தம்பி சிலுவை காணாமல்போய் மூன்று மாதம். தேடிக் கைவிட்டாயிற்று. "அஞ்சலி போஸ்டர் அடிக்கணும்மா" என்று ஒரு மெமரி கார்டை நீட்டினார். மறைவு என்ற இடத்தில் என்ன தேதி போட என்று கேட்டாள். "வீட்டுல கேட்டுட்டு வாரேன்" என்று கார்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செல்விக்கு அன்று அது ஒன்பதாவது வேலை. படத்தை முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூட அதைச் செய்வாள். இவளோ கார்டில் இருந்தபடியே திறந்து, கலரை எடுத்து, அதன்மேலேயே சேமித்து மூடியும்விட்டாள்.

அரைமணியில் சிலுவையின் பெண்டாட்டி கிரேசி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ஏளா, ஆரைக் கேட்டு எங்க வீட்டு ஆளுக்கு அஞ்சலி அடிக்க? அவிய அண்ணனுக்கு என்ன தெரியும்? காணவில்லைன்னு போடு. கலர்ல போடு. கறுப்பு வெள்ளையில பாத்தா, செத்துட்டாவன்னு சனம் தாண்டிப் போயிருமே!"

செல்வி படத்தைத் திறந்தாள். "யக்கா, தப்பு பண்ணிட்டேன். கலர் போச்சு. இனி வராது."

கிரேசி வையவில்லை. வைதிருந்தால் தேவலை. வீட்டில் மிச்சம் இருப்பது கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் மாப்பிள்ளை ஒல்லிக்குச்சி, மீசைகூட முளைக்கவில்லை. மற்றதெல்லாம் சிலுவையின் செல்போனோடு கடலுக்குப் போய்விட்டன.

"நானே கலர் குடுத்துப் பாக்கேன்க்கா. சட்டை என்ன கலரு?"

"பச்ச... இல்ல, நீலமா?" கிரேசி திணறினாள். "நீதான இப்பம் பாத்த, சொல்லேன்."

செல்விக்கும் தெரியவில்லை. ச்சே, இதெல்லாம் ஒரு பிழைப்பா! முகத்தைக்கூட நின்று பார்க்காமல் ஒரு மனுஷனைச் சாகடித்திருக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஒரு மணிநேரம் மல்லுக்கட்டினாள். முகத்துக்கு மாநிறம், சட்டைக்கு நீலம், உதட்டில் கொஞ்சம் சிவப்பு. வெயிலில் கறுத்த தோணிக்காரன் முகம் வரவே இல்லை. ஜவுளிக்கடை பொம்மை மாதிரி ஒருவன் வந்தான். கிரேசி முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஆரோ" என்றாள் கடைசியில். "முந்தினதையே எடு. கறுப்பு வெள்ளைன்னாலும் அதுதான் அவிய."

செல்வி அதையே வைத்து, மேலே காணவில்லை என்று சிவப்பில் அடித்தாள்.

"நாளைக்கே அவிய வந்து இதப் பாத்தா சிரிப்பாவ" என்றாள் கிரேசி. "ஏட்டி, அதுக்குள்ள என்னையக் கொன்னுட்டியளான்னு கேப்பாவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேக்கட்டும்" என்றாள். "வந்து கேக்கட்டும்."