பன்னிரண்டு மடங்கு மரை

அரியரத்தினம் பதினொரு வருடங்களாக வேட்டைக்காரர்களுக்குப் பைனாகுலர் விற்கிறார். அந்தப் பதினொரு வருடங்களிலும், அதற்கு முந்தைய நாற்பத்தாறு வருடங்களிலும், அவர் முட்டைகூடச் சாப்பிட்டதில்லை. இதில் முரண்பாடு எதையும் அவர் கண்டதில்லை. கடையின் ஒரு மூலையில் துப்பாக்கிகள். எதிர்மூலையில் பைனாகுலர்கள். அவருடையது எதிர்மூலை.

கடை சிட்னியின் மேற்கில், நார்த்மீட்டில் இருக்கும் அவருடைய வீட்டிலிருந்து பத்து நிமிடக் கார்த் தூரத்தில். கடையில் அவர் பெயர் ஹரி. முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுகிறார்.

பைனாகுலரின் மேல் இரண்டு இலக்கங்கள் எழுதியிருக்கும். முதலாவது, பொருள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. காட்டுக்கு எட்டு மடங்கு போதும் என்பது அரியரத்தினத்தின் கொள்கை. பன்னிரண்டு எடுத்தால் மான் பன்னிரண்டு மடங்கு பெரிதாகும். கைநடுக்கமும் பன்னிரண்டு மடங்கு பெரிதாகும். பார்க்கும் பரப்புச் சுருங்கும். விடியற்காலை வெளிச்சத்தில் எல்லாம் கரித்துணி போலத் தெரியும். வெள்ளைக்காரர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பத்தை வாங்குவார்கள். நம்மவர்கள் தலையாட்டுவதில்லை.

ஹோம்புஷ்ஷிலிருந்து கிருஷ்ணசாமி வந்திருந்தார். மென்பொருள் வேலை, ஒன்பதாம் மாடி வீடு.

"சார், இருபது இருக்கா?"

"என்னத்துக்குப் பாவிக்கப் போறியள்?"

"இயற்கைதான் சார். பறவை, அது இது."

"அதுக்கு எட்டு நல்லது."

"எட்டு என் மச்சான் வச்சிருக்கான்."

அதற்குமேல் விவாதிக்க ஒன்றுமில்லை. இருந்ததில் பெரியது பன்னிரண்டு. அதை வாங்கிப்போன கிருஷ்ணசாமி இப்போது பால்கனியில் நின்று ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகையைப் படிக்கிறார். ரயில் தாமதம் என்பது கைபேசியில் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த வருடத் தொடக்கத்தில் கடைக்குப் புதிய மேலாளர் வந்தார். பெயர் கிரேக். வந்த அன்றே தன் மேசைக்குப் பின்னால் ஆறு புகைப்படங்களை மாட்டினார். எல்லாவற்றிலும் கிரேக் இருந்தார், துப்பாக்கி இருந்தது, மலை இருந்தது. மறுநாள் கூட்டம் போட்டார். கடையின் இணையத்தளத்தில் ஒவ்வொரு ஊழியரின் படமும் போடப்படும், கீழே அவருடைய வேட்டை அனுபவமும் எழுதப்படும் என்றார். வேட்டைக்குப் போகாதவன் வேட்டைக்காரனுக்கு எப்படி ஆலோசனை சொல்லலாம்? அனுபவம் இல்லாதவர்கள் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள் என்றார். கிடங்கில் ஆள் தேவையில்லை என்று போன மாதம்தான் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அரியரத்தினத்துக்கு ஐம்பத்தேழு வயது. இனி எந்தக் கடையும் அவரைக் கூப்பிட்டு வேலை தராது.

"உனக்கு அனுபவம் உண்டா, ஹரி?"

"உண்டு."

"என்ன மான்?"

"மரை. இலங்கையில்."

மரையை அவர் ஒரேயொரு முறை, வவுனியாவுக்குப் போகும் வழியில், பஸ் ஜன்னலால் கண்டிருக்கிறார். கிரேக் அவருடைய தோளில் தட்டினார். தெற்கே ஒரு நண்பனின் காணியில் மரை நிற்கிறது, வருகிற சனிக்கிழமை போகலாம், கண்டுபிடிப்பது உன் வேலை, சுடுவது என் வேலை என்றார்.

மரைகளை நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே கப்பலில் ஏற்றி இந்த நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இலங்கையிலிருந்தும் வந்தன. அவை ஆங்கிலப் பரீட்சை எழுதவில்லை, யாரும் அவற்றுக்குப் பிணை நிற்கவில்லை. இப்போது தொல்லை விலங்குகள் என்று சொல்லிச் சுடுகிறார்கள். இந்த வரலாற்றில் தமக்கு ஏதாவது செய்தி இருக்கிறதா என்று அரியரத்தினம் யோசிக்கவில்லை. அவருக்கு அதற்கு நேரமிருக்கவில்லை. மனைவி யோகராணியிடம் சொல்லவேண்டியிருந்தது.

"என்னப்பா, உங்களுக்கு விசரே?" என்றார் யோகராணி. "மேய்ஸ் ஹில் கோயிலில ஆக்கள் என்ன சொல்லுவினம்? வெள்ளிக்கிழமை விரதகாரர் சனிக்கிழமை வேட்டைக்குப் போறார் எண்டு சிரிப்பினம்."

"நான் சுடப் போகேல்லை. பாக்கத்தான் போறன்."

"பாத்துக் காட்டிக் குடுக்கிறவனும் கொலைகாரன்தான்."

"ஓம். வேலை போனால் நாள் முழுக்க வீட்டில இருந்து உம்மைத்தான் பாத்துக்கொண்டிருப்பன்."

யோகராணி கொஞ்ச நேரம் அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போய்த் தயிர்ச்சாதம் கட்டினார்.

சனிக்கிழமை, சூரியன் வருவதற்குச் சற்று முன், இருவரும் ஒரு மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச்சரிவில் பனிப்புகை. அரியரத்தினத்திடம் எட்டு. கிரேக்கிடம் பன்னிரண்டு. அரியரத்தினம் முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றிச் சரிவை இடமிருந்து வலமாக, கோடு கோடாகப் பார்த்தார். இப்படித்தான் பார்க்கவேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அது வேலை செய்யும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வெள்ளைத் தண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு காது அசைந்தது. பிறகு கொம்பு. பிறகு முழு மரை.

சொன்னால் மரை போகும். சொல்லாவிட்டால் வேலை போகும். அரியரத்தினம் முருகனை நினைத்தார். முருகனின் மாமனார் வீட்டுத் தொழிலும் வேட்டைதான் என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது.

"இரண்டு வெள்ளை மரம். நடுவில் மரை," என்றார்.

கிரேக் பன்னிரண்டைத் தூக்கினார். வானத்தைப் பார்த்தார். ஒரு பாறையைப் பார்த்தார். எங்கே, எங்கே என்றார். அரியரத்தினம் பக்கவாட்டில் திரும்பினார். கிரேக்கின் பைனாகுலரில் வலக்கண் வளையத்தைச் சுற்றித் தொழிற்சாலை ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. அதை உரிக்காமல் அந்த வளையத்தைத் திருப்ப முடியாது. திருப்பாமல் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம் விழாது. கையில் வாங்கியவன் முதலில் செய்வது அதை உரிப்பதுதான்.

அந்த ஆறு புகைப்படங்களும் ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்தன. ஒன்றிலும் மான் இல்லை.

"கிரேக், இது எத்தனையாவது தடவை?"

கிரேக் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காமலே சொன்னார்: "முதல் தடவை, நண்பா."

"எனக்கும்."

"அந்தப் படங்கள் மைத்துனன் பண்ணையில் எடுத்தவை. ஒரே நாள். ஆறு சட்டை கொண்டுபோனேன்."

மரை இருவரையும் நன்றாகப் பார்த்தது. அதற்கு எந்த இலக்கமும் தேவைப்படவில்லை. ஒரு முறை உரத்துக் கத்திவிட்டுக் காட்டுக்குள் போனது. கிரேக் துப்பாக்கியை உறையில் போட்டார். இருவரும் தயிர்ச்சாதத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். உன் வேலை இருக்கும், என் படங்களும் இருக்கும் என்றார் கிரேக். ஊறுகாய் காரம் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, தன்னுடைய பன்னிரண்டு சரிதானா அல்லது மாற்றவேண்டுமா என்று கேட்டார்.

பதினொரு வருடங்களில் முதல் முறையாக அரியரத்தினம் எட்டைப் பரிந்துரைக்கவில்லை.

"உங்களுக்குப் பன்னிரண்டுதான் சரி," என்றார்.

புதன்கிழமை இணையத்தளத்தில் படம் வந்தது. மரங்களுக்கு முன்னால் அரியரத்தினம், கழுத்தில் பைனாகுலர். கீழே: ஹரி, பதினொரு வருட வேட்டை அனுபவம், மரை வல்லுநர். வேலை தப்பியது. இனி மானம்.

வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில்லில் பூசை முடிந்து கார்களை நோக்கி நடந்தபோது, யோகராணி யார் முகத்தையும் பார்க்கவில்லை. பின்னால் யாரோ ஓடிவந்தார்கள். கிருஷ்ணசாமி. நெற்றி நிறைய விபூதி, கையில் கைபேசி, திரையில் ஹரி.

"சார்! இத்தனை நாளா சொல்லவே இல்லையே!"

அரியரத்தினம் தலை குனிந்தார். கிருஷ்ணசாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே வந்தார்.

"ஒரு ரெண்டு கிலோ கிடைக்குமா சார்? எலும்போட இருந்தா நல்லது. இன்னைக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை."

கார் வரை போவதற்குள் இன்னும் நான்கு பேர் அதையே கேட்டார்கள். அதில் ஒருவர் கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர். அவர் ஈரலும் கேட்டார்.

காரில் ஏறி யோகராணி இருக்கைப் பட்டியை மாட்டினார். பிறகு சொன்னார்: "குடுக்காட்டி, பொய் சொன்னனீங்கள் எண்டு தெரிஞ்சிடும்."

"இறைச்சிக்கு நான் எங்க போறது?"

"கடைக்குத்தான். வேறெங்க?"

சனிக்கிழமை காலை மரை வல்லுநர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இறைச்சிக் கடை வரிசையில் நின்றார். பண்ணையில் வளர்ந்த மான் இறைச்சிதான் இருந்தது. ஈரல் இல்லை. துண்டுகளைச் சீராக வெட்டவேண்டாம், லேபிள் ஒட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வெட்டுகிறவர் அவரை ஒருமாதிரிப் பார்த்தார், ஆனால் கோணலாகவே வெட்டிக் கொடுத்தார்.

ஞாயிறு மதியம் கிருஷ்ணசாமி தொலைபேசியில் வந்தார். ஏதோ மென்றுகொண்டிருந்தார்.

"பிரமாதம் சார். காட்டு ருசியே தனிதான். ஆனா மான் கொஞ்சம் சின்னதோ?"

"இருக்கலாம்."

"எதுல பாத்தீங்க?"

"எட்டில."

மறுமுனையில் மெல்லுவது நின்றது.

"அதான் சார். என்னுதை வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல? பன்னிரண்டுல பாத்திருந்தா இன்னும் பெரிய மானா கிடைச்சிருக்கும்."