தொக்கமும் தனி டம்ளரும்

என் மகளுக்கு இரண்டு வயதில் ஓர் இருமல் பிடித்தது. மூச்சு விட்டால் வலது பக்கம் மட்டும் விசில் அடிக்கும். மற்றபடி ஓடியாடித் திரிந்த திடமான குழந்தை. குரும்பலூரில் இருக்கும் அண்ணி, என் கணவரின் அக்கா, டீச்சர் வேறு, பார்த்த மாத்திரத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு. தொக்கம் எடுத்தா சரியாப் போயிடும்."

வேப்பந்தட்டைப் பக்கம் தொக்கம் எடுப்பவர் ஒருவர். குழந்தையின் வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி, துணியில் துப்பிக் காட்டினார். அரை நிலக்கடலை. வயிற்றில் ஓட்டை இல்லாமல் கடலை எப்படி வெளியே வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு நான் கடலையே கொடுத்ததில்லை என்றேன்.

"நீ பாக்காதப்ப தின்னுருப்பா" என்றார் அண்ணி. கடலை வந்துவிட்டதென்று வீட்டில் எல்லோருக்கும் மனசு குளிர்ந்தது. இருமல் மட்டும் போகவில்லை.

அடுத்து பெரம்பலூர் டாக்டர். எக்ஸ்ரேயை ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து, "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றார், பிள்ளைகளுக்கு வரும் டி.பி. எங்கள் பக்கம் சோறு இறங்காத பிள்ளைக்கும் அதுதான், சளி பிடித்த பிள்ளைக்கும் அதுதான். வேறு சோதனை எதற்கு? டி.பி. மருந்து எழுதினார். குழந்தை இளைத்துக்கொண்டே போனாள். மூச்சிழுக்கும்போது அவள் விலா உள்ளே ஒடுங்குவதை டாக்டரிடம் காட்டினேன். அவரோ, "மருந்த ஒழுங்கா குடுக்கறீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

டி.பி. என்று காதில் விழுந்ததும் அண்ணி தன் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினார். ஒரு தடவை வந்தவர், பூப்போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தானே எடுத்து ஜன்னலில் ஒதுக்கி வைத்தார். "அவளுக்கு இதுலயே குடு."

கடைசியில் திருச்சியில்தான் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். கடலையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. வலது குழாயை அடைத்துச் சதை வளர்ந்திருந்தது. அதில் துணுக்கு எடுத்து, கிருமி வளரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தோம். டி.பி. கிருமிக்குத் தூரத்துச் சொந்தமாம். மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பது, நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் அபூர்வமாக வருமாம்.

"இதுக்கு வேற மருந்தும்மா. யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க" என்றார் அந்த டாக்டர்.

அடைப்பை எடுத்து மருந்தை மாற்றினார்கள். ஒருநாள் காலை அவள் நெஞ்சில் காதை வைத்தேன். விசிலே இல்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

காதுகுத்துக்கு அரியலூர் சொந்தமெல்லாம் வீட்டில் கூடியிருந்தது. அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கு நான் தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போனதாலதான் புள்ள பொழச்சுது" என்றார். அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

எல்லோருக்கும் காபி கொண்டுவந்தேன். அண்ணிக்கு அந்தப் பூப்போட்ட டம்ளரில். வாய்வரை கொண்டுபோனவர் அடையாளம் தெரிந்து நிறுத்தினார்.

"குடிங்க அண்ணி. நீங்க காப்பாத்துன புள்ள குடிச்சதுதானே?"