மூன்று கால் ஓட்டம்

ஜான்-டலோன் சந்தைப் பக்கத்துக் கடையொன்றில் இன்று வறுத்த பார்லித் தேநீர் மணத்தது. தொண்ணூறுகளில், நாங்கள் ஊரைவிட்டு வந்த புதிதில், இதே நகரின் வில்லரேப் பகுதியில் எங்கள் கீழ்வீட்டில் இருந்த ஜப்பானியக் குடும்பத்தின் மணம் அது. கணவரின் வேலைக்காகச் சில வருடங்கள் வந்திருந்தவர்கள். கோடையில் அவர்களுடைய ஆட்களெல்லாம் ஆற்றங்கரைப் பூங்காவில் கூடிப் பாய் விரித்து, கடற்பாசி சுற்றிய சோற்றுருண்டையும் குளிர்ந்த அந்தத் தேநீருமாகப் பகல் முழுக்க இருந்து, பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் ஓட்டப்போட்டி வைப்பார்கள்.

ஒருமுறை எங்களையும் கூட்டிப்போனார்கள். வீட்டைவிட்டு அதிகம் வெளிக்கிடாத அம்மா, கொண்டுவந்த உழுந்து வடையோடு பாயின் ஓரத்தில் இருந்தார். கீழ்வீட்டு யூமி அன்ரி வந்து, கேட்காமலே தன் காலையும் அம்மாவின் காலையும் துவாயால் சேர்த்துக் கட்டினார்.

"எனக்கு ஏலாது எண்டு சொல்லு பிள்ளை," என்றார் அம்மா.

நான் பிரெஞ்சில் சொன்னேன். அன்ரி தலையாட்டிவிட்டு, "அன், டூ" என்று பிரெஞ்சிலேயே எண்ணத் தொடங்கினார்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். இருவரும் "அன், டூ" என்று கத்திக்கொண்டே ஓடி, எல்லோருக்கும் கடைசியாக வந்து புல்லில் விழுந்தார்கள்.

ஊரில் ஷெல் விழும்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா ஓடியிருக்கிறார். சிரித்துக்கொண்டு ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.